ஏழு ஷேடு கேட்ட ஜெயசீலி அக்கா

காலை ஒன்பதே கால் இருக்கும். முதுநகரில் எங்கள் கம்பெனி ஆய்வறையில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செல்போனில் பிலோமினாவின் பெயர் வந்தது. ஜெயசீலி அக்காவின் தங்கை அவர். அதுவரை எனக்கு ஒருமுறைகூட அவர் ஃபோன் செய்ததில்லை. "கலா, அக்கா விடிகாலையில தவறிட்டாங்க. மூணு மாசமாவே உடம்பு சரியில்ல. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. சாயந்தரம் நாலு மணிக்கு அடக்கம்" என்றார். "சரி" என்றேன். ஃபோனை வைத்துவிட்டுத் தராசை முழுவதும் துடைத்து முடித்தேன். அதை ஏன் முடித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

சிதம்பரத்தில் அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. மேலவீதியை ஒட்டிய சந்தில், மாடியில் இருந்தது அவருடைய அழகு நிலையம். இதைப் படிக்கும் பெண்களில் பலர் அவர் கையால் அலங்காரம் செய்துகொண்டு மணமேடை ஏறியிருப்பீர்கள். சிவராத்திரிக்குக் கோயிலில் ஆட வந்து, அவர் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பீர்கள். நீங்கள் அவரைப் பற்றி நல்லதாகவே சொல்வீர்கள், அதில் ஒரு சொல்லும் பொய்யாக இருக்காது. நானும் நல்லதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் எழுதி முடிக்கும்போது என்மேல் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

நான் அவரை முதலில் பார்த்தது 2005இன் தொடக்கத்தில். கடல் ஊருக்குள் வந்து போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தேவனாம்பட்டினம் பக்கம் போகவே பலர் பயந்துகொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளிக்கு அந்த நேரத்தில்தான் புது யோசனை வந்தது. அதுவரை டால்கம் பவுடரும் குங்குமமும் செய்து ஃபேன்ஸி ஸ்டோர்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். இனி மணப்பெண்கள் முகத்தில் பூசும் ஃபவுண்டேஷன் கிரீம் செய்யலாம் என்றார். கெமிஸ்ட் என்று கம்பெனியில் நான் ஒருத்திதான். இரண்டு ஷேடு செய்து வைத்தேன். ஒன்றுக்குச் 'சிவப்பு' என்றும் இன்னொன்றுக்கு 'மாநிறம்' என்றும் பெயர் எழுதி ஒட்டினேன். பார்த்துச் சொல்வதற்காக முதலாளி அக்காவை வரவழைத்தார்.

சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். நல்ல உயரம், நல்ல கருப்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை. இரண்டு டப்பாவையும் திறந்து, வாசல் வெளிச்சத்துக்குப் போய், தாடையோரம் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, "மீதி எங்க?" என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன்.

"ஏம்மா, கீழவீதி மேட்சிங் சென்டர்ல ரவிக்கத் துணிக்கு எரநூறு கலரு அடுக்கி வெச்சிருக்கான். பச்சையில மட்டும் முப்பது இருக்கும். நாமளும் பொடவ முந்தானய எடுத்துகினு போயி, இது இல்ல, இதவிட ஒரு பொட்டு கம்மின்னு நின்னு வாங்குறோம். மூஞ்சிக்கு மட்டும் ரெண்டு போதுமா?"

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதே டிரம் கழுவும் கவலை வந்துவிட்டது. கிரீம் கலக்கும் டிரம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். ஒரு ஷேடு முடிந்து அடுத்தது தொடங்க வேண்டுமானால் அதைக் கழற்றி, கழுவி, காயவைக்க ஒரு நாள் முழுதாகப் போய்விடும். அடர்ந்த நிறம் என்றால் இரண்டு நாள். இந்த அம்மா எத்தனை ஷேடு சொல்கிறாரோ அத்தனை நாள் என் தலையில் விழும் என்று கணக்குப் போட்டேன்.

அவர் சொன்னது பத்தொன்பது. பத்தொன்பது சின்ன டப்பாக்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு, சனிக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் கிளம்பினோம். ஞாயிறு அவருக்கு மாதா கோயிலில் பூசை. அன்று உலகமே கவிழ்ந்தாலும் வேலைக்கு வர மாட்டார். அவர் பார்ப்பது கன்னத்தை அல்ல. "கன்னம் பொய் சொல்லும். வெயிலு, பவுடரு, மஞ்சளு எல்லாம் அதுலதான் ஏறும். தாடையும் கழுத்தும் சேர்ற எடத்தப் பாரு" என்பார். பெண்களைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி, வெளிச்சத்தில் அந்த இடத்தில் ஒரு பொட்டு வைப்பார். மறைந்துவிட்டால் அது அந்தப் பெண்ணின் ஷேடு. தெரிந்தால் துடைத்துவிட்டு அடுத்த டப்பா.

முதலில் நான் கேட்டுத்தான் எழுதினேன். உங்கள் நிறம் என்ன என்று யாரைக் கேட்டாலும் மாநிறம் என்றார்கள். எங்கள் நோட்டில் அறுபது பெண்கள் மாநிறமாக வரிசையாக நின்றார்கள். அக்கா அதைப் பார்த்துவிட்டுப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "நம்மூர்ல கருப்பே கெடையாது கலா. கல்யாண புரோக்கருகிட்ட எழுதிக் குடுத்ததெல்லாம் ஒனக்கும் எழுதிக் குடுக்கறாங்க. கேக்காத. பாரு" என்றார்.

எண்ணிக்கையைக் குறைத்ததும் அவர்தான். அதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் ஏதோ அடம் பிடித்து ஜாஸ்தி கேட்டார் என்று பிற்பாடு கம்பெனியில் பேச்சு வந்தபோது நான் மறுக்கவில்லை. "ரெண்டு டப்பா ஒருத்திக்கே ஒட்டுனா அது ஒரே ஷேடுதான், ரெண்டாவத தூக்கிப் போடு. ஒருத்திக்கு எதுவுமே ஒட்டலன்னா ஒண்ணு கொறையுதுன்னு அர்த்தம்" என்பதுதான் அவர் வைத்திருந்த ஒரே விதி. வாராவாரம் ஒன்றோ இரண்டோ தகரப் பெட்டியிலிருந்து கழிந்தன. மழைக்காலம் தொடங்கும்போது ஏழு நின்றது. அதற்குக் கீழே அவர் இறங்கவில்லை.

அந்த ஏழில் கடைசி மூன்றும் எனக்கு வரவே இல்லை. கருப்புப் பொடி சேர்க்கச் சேர்க்க, டப்பாவில் பார்க்க அழகாக இருக்கும். முகத்தில் பூசினால் அடுப்புச் சாம்பல் பூத்தது மாதிரி ஆகிவிடும். எட்டுத் தடவை செய்து எட்டும் வீணானது. ஒன்பதாம் தடவை அக்கா என் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு பொடியாக என்ன என்ன என்று கேட்டார். எல்லா ஷேடுக்கும் அடிப்படையாக முதலில் வெள்ளைப் பொடியைப் போடுகிறோம், பிறகுதான் சிவப்பு, மஞ்சள், கருப்பு என்றேன். "அப்போ நீ மொதல்ல வெள்ளையாக்கிட்டு அப்புறமா கருப்படிக்கிற. கருப்பு சேக்காத கலா. வெள்ளைய எடு" என்றார். படித்தவள் நான். எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளையை எடுத்தேன். ஏழாவது ஷேடு வந்தது. அக்கா அதைத் தன் முகத்திலேயே பூசிக்கொண்டு, கைகழுவும் இடத்தில் மாட்டியிருந்த ரசம் போன கண்ணாடி முன்னால் நின்றார். முகமும் கழுத்தும் ஒன்றாக இருந்தன. பூசியதாகவே தெரியவில்லை, ஆனால் களைப்பெல்லாம் போய் முகம் தெளிந்திருந்தது. "என் கல்யாண போட்டோவ இதுவரைக்கும் செவுத்துல மாட்டுனதில்ல. வேற யாரு மூஞ்சியயோ வெட்டி எங்கழுத்துல ஒட்டுனாப்ல இருக்கும். அவுரு போனப்புறம்கூட, சேந்து எடுத்தது அது ஒண்ணுதான்னு தெரிஞ்சும், எடுத்துப் பாக்க முடியல" என்றார். அவர் கணவர் கல்யாணமாகி ஏழெட்டு வருடத்தில் இறந்துவிட்டவர். அன்றைக்கு அக்கா முகத்தைக் கழுவாமலேயே பஸ் ஏறிச் சிதம்பரம் போனார்.

அடுத்த சனிக்கிழமை சேத்தியாத்தோப்பு சந்தை. காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு அக்கா அந்த ஏழாவது ஷேடை முகம் முழுக்கப் பூசிக் கண்ணாடியைக் கொடுத்தார். அந்தப் பெண் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க்கா, பூசுனாப்லயே தெரியல. துட்டு குடுத்து வாங்கிப் பூசி, பூசுனதே தெரியலன்னா அது எதுக்கு?" என்றாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இறங்கும்போது மட்டும், "அவளச் சொல்லித் தப்பில்ல. அவளுக்குன்னு ஒண்ண இதுவரைக்கும் யாரும் செஞ்சே குடுத்ததில்லையே" என்றார்.

ஏழும் வருவதானால் டப்பா அட்டையில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று முதலாளியிடம் அவரே சொல்லியிருந்தார். 'சிதம்பரம் ஜெயசீலி தேர்ந்தெடுத்தது' என்று ஒரு வரி. அந்தப் பெயருக்கு இந்த மாவட்டத்தில் என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும்.

2006இல் கல்யாண சீசனுக்கு முன்னால் முடிவு செய்ய உட்கார்ந்தோம். அன்று நல்ல முகூர்த்த நாள், அக்காவுக்கு மூன்று மணப்பெண்கள், வர முடியவில்லை. ஃபேன்ஸி ஸ்டோர்காரர்கள் வெளுத்த ஷேடு நாலு போதும், மற்றது ஓடாது என்று சொல்லியிருந்தார்கள். முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா கலா, அவுங்களோட ஊர் ஊரா சுத்துனவ நீ. நாலா, ஏழா? நீ சொல்றதுதான்" என்றார்.

நாலு போதும் சார் என்றேன். காரணம் கேட்டபோது சேத்தியாத்தோப்புப் பெண் சொன்னதைச் சொன்னேன். வேடிக்கையாகவே சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். டிரம் கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டையில் அக்கா பெயர் அப்படியே இருக்கட்டும் என்றும் முடிவானது.

முதல் டப்பாக்களை நானே சிதம்பரம் கொண்டுபோனேன். அக்கா மேஜையில் வரிசையாக வைத்து எண்ணினார். "மீதி மூணு?" என்றார். அடுத்த வருடம் வரும், முதலாளி கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம் என்கிறார் என்றேன். நம்பினார். எனக்கு டீ வாங்கி வர ஆளை அனுப்பினார். தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் முதுநகர் வந்தார். கையில் ஒரு கல்யாண ஆல்பம். என் மேஜைமேல் விரித்து வைத்தார். தேவனாம்பட்டினத்துப் பெண், பெயர் செல்வி. கடலில் அம்மாவைப் பறிகொடுத்தவள். கல்யாணத்துக்குச் சொந்தக்காரப் பெண்கள் சேர்ந்து கடையில் எங்கள் நாலாவது டப்பாவை வாங்கிப் பூசியிருக்கிறார்கள். இருந்ததில் அடர்ந்தது அதுதான். கேமரா வெளிச்சத்தில் முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. கழுத்தும் கையும் அவளுடைய நிறத்தில். ஐம்பது படத்திலும் அப்படியே. மாப்பிள்ளை பக்கத்தில் யாரோ ஒரு பெண் முகமூடி போட்டு நிற்பதுபோல இருந்தது.

"அந்த வீட்ல போட்டோன்னு எதுவும் மிச்சமில்ல கலா. அம்மா படம், அப்பா படம், அந்தப் பொண்ணோட சின்ன வயசுப் படம் எல்லாம் தண்ணியோட போச்சு. அலைக்கப்புறம் அந்த வீட்டுக்குள்ள வந்த மொத போட்டோ இது. ஏம்மா இத வாங்குனன்னு கேட்டேன். ஒங்க பேரு போட்டிருந்துச்சுக்கா, அதான் நம்பி வாங்குனோம்னுது."

அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "அந்த மூணையும் செய். இல்ல, எம் பேர எடுத்துடு. ரெண்டுல ஒண்ணு" என்றார்.

அட்டை அச்சடித்தாகிவிட்டது, இருப்பது தீரட்டும், முதலாளியிடம் பேசுகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போனார். அதை அவர் செல்வியிடம் திருப்பிக் கொடுத்தாரா, அவள் வாங்கிக்கொண்டாளா என்று நான் விசாரிக்கவில்லை.

அட்டை தீர்ந்தது. மறுபடி அச்சடிக்கும்போது புதுச்சேரி அச்சகத்திலிருந்து மாதிரி என் மேஜைக்குத்தான் வரும். நான் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஓடும். ஆறு வருடத்தில் எத்தனையோ முறை போட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த வரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். முதலாளியிடம் பேசுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேனே, பேசவில்லை. பேசினால் மீதி மூன்றைப் பற்றிக் கேள்வி வரும், நான் சொன்ன காரணம் அக்காவின் காதுக்கும் போய்விடும். அவர் கேட்கும்போதெல்லாம், "முதலாளி ஒத்துக்க மாட்டேங்கிறாருக்கா" என்றேன். இரண்டாம் தடவை சொல்லும்போது கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அக்கா என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தன்னிடம் வரும் பெண்களுக்கு அவரே உள்ளங்கையில் கலந்து பூசினார். எங்கள் டப்பாவைப் பார்லரில் வைப்பதில்லை. 2011 கடைசியில் தானே புயல் அடித்து எங்கள் ஷெட் கூரை பறந்தபோது, மரங்கள் விழுந்து கிடந்த பாதையில் எப்படியோ ஏறி வந்து சேர்ந்தார். பை நிறைய ரொட்டி, மெழுகுவத்தி. கரண்ட் இல்லாத வீட்டில் என் மாமியாரோடு உட்கார்ந்து ஜெபம் சொன்னார். இனி மறந்துவிட்டார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். பஸ் ஏற்றிவிடப் போனபோது படியில் காலை வைத்துக்கொண்டு கேட்டார்: "பேரு இன்னும் இருக்கா கலா?"

இருக்கு அக்கா என்றேன். "ம்" என்றார். நான் அவர் வாயிலிருந்து கடைசியாகக் கேட்டது அதுதான்.

அடக்கத்துக்குப் போனேன். பெட்டிக்குள் பட்டுப் புடவை கட்டி, விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிப் படுக்கவைத்திருந்தார்கள். முகம் சின்னதாகிப் போயிருந்தது. குடும்பத்தை நிறுத்திப் படம் எடுக்க வந்த போட்டோகிராஃபர், "முகம் இருட்டா விழுதுங்க. லேசா ஏதாவது போட்டுட்டா நல்லாருக்கும்" என்றார். பார்லரில் வேலை செய்யும் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஒருத்தி கைப்பையைத் திறக்கவும் செய்தாள்.

"வேணாம்" என்றார் பிலோமினா. "ஒண்ணும் பூசக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க. ஏங்க்கான்னேன். 'என் ஷேடு இன்னும் கடைக்கு வரல'ன்னாங்க. சிரிச்சிகினுதான் சொன்னாங்க."

அங்கே அதன் பொருள் யாருக்கும் விளங்கவில்லை. பிலோமினாவுக்கும் விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். என் பக்கம் திரும்பவே இல்லை. படம் எடுத்தார்கள். நான் அதில் நிற்கவில்லை.

மறுநாள் கம்பெனிக்குப் போனதும் முதலாளி அழைத்தார். மனிதர் உண்மையாகவே கலங்கியிருந்தார். "அட்டையில அவுங்க படமும் சின்னதா போட்டுடலாமா கலா? ஒரு ஞாபகமா இருக்கட்டும்" என்றார்.

"இல்ல சார். பேரையே எடுத்துடணும். அவுங்க கேட்டாங்க" என்றேன்.

"எப்போ?"

"ஆறு வருஷமா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"எடுத்துடும்மா. இதுக்கென்ன. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பேனே" என்றார்.

அங்கேயே நின்று அச்சகத்துக்கு ஃபோன் செய்தேன். வேலை முடிந்தது. மீதி மூன்று ஷேடும் வரவில்லை. வரும் என்று இங்கே நான் சொல்லப்போவதும் இல்லை. ஒருமுறை சொன்னதே போதும்.

உங்களில் பலரிடம் அக்காவின் கை பட்ட முகத்தோடு ஒரு கல்யாணப் படம் இருக்கும். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது, 'எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா' என்று முதலாளி சொன்ன அந்த ஒரு வரிதான். அது அக்காவின் பேச்சு இல்லை. ஆனாலும் ஜெயசீலி அக்கா என்று யார் சொன்னாலும் முதலில் அதுதான் என் காதில் விழுகிறது. விழட்டும். அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அவ்வளவுதான்.